லடாக் பயணத்தின் கடைசி நான்கு நாட்கள்: திரும்பும் தேதியிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

2023 ஆகஸ்டில் நான், கணவர், பன்னிரண்டு வயது மகள் என மூன்று பேரும் லடாக் போனோம். முதல் ஐந்து நாட்களுக்கு இரண்டு மாதம் உட்கார்ந்து திட்டம் போட்டேன். எந்த மடாலயம், எத்தனை மணிக்கு, எங்கே சாப்பாடு என்று எல்லாம் நோட்டில் இருந்தது. கடைசி நாட்களுக்கு மட்டும் "பாங்காங் ஏரி, மாலை லே, மறுநாள் காலை ஃபிளைட்" என்று ஒரே வரி.

ஏரியிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கிளம்பினோம். ஒரு மணி நேரம்கூடப் போயிருக்க மாட்டோம், சாலையின் குறுக்கே ஓர் ஓடை. காலையில் போனவர்கள் கணுக்கால் நனைய நடந்து கடந்த இடமாம் அது. நாங்கள் வந்தபோது பழுப்பு நிறத்தில் தண்ணீர் புரண்டுகொண்டிருந்தது, அடியில் கற்கள் உருண்டு மோதும் சத்தம் கரையிலேயே கேட்டது. டிரைவர் இறங்கிப் போய்த் தண்ணீரின் விளிம்பில் ஒரு கல்லை வைத்துவிட்டு வந்தார். அந்தக் கல் நீரிலிருந்து விலகி வெளியே தெரிந்தால்தான் வண்டியை இறக்குவேன் என்றார். நான்கு மணி நேரம் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தோம். லடாக்கின் முக்கிய நகரான லே வந்து சேர இரவு பதினொன்றரை. மறுநாள் காலை மேகமூட்டத்தால் ஃபிளைட் ரத்து. டெல்லியிலிருந்து சென்னைக்குத் தனியாக எடுத்திருந்த மூன்று டிக்கெட்டும் வீண். புது டிக்கெட், கூடுதல் இரவுகளுக்கு அறை எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 59,000 ரூபாய் கையைவிட்டுப் போனது.

அடுத்த வருடம் என் அண்ணன் குடும்பம் போனபோது திட்டத்தை நான்தான் போட்டுக்கொடுத்தேன். அதே பாதை, அதே இடங்கள். கடைசி நாட்களின் வரிசையை மட்டும் மாற்றினேன், சிக்கல் இல்லாமல் வந்துசேர்ந்தார்கள். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. வேலைக்குச் சேரும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

நாம் எல்லோரும் கிளம்பும் நாளிலிருந்து எண்ணுகிறோம். லடாக்குக்கு அது ஒத்துவராது. திங்கட்கிழமை அலுவலகம் போகவேண்டும் என்றால் லேயிலிருந்து ஃபிளைட் வெள்ளிக்கிழமை. சனியும் ஞாயிறும் கையிருப்பு. ஃபிளைட்டுக்கு முந்தைய நாளான வியாழன் முழுவதும் லே நகரிலேயே இருக்கவேண்டும். புதன்கிழமை பாங்காங்கிலிருந்து லே திரும்பும் நாள். செவ்வாய் நுப்ரா பள்ளத்தாக்கிலிருந்து பாங்காங். இப்படி எண்ணினால் லேயில் கடைசி இரண்டு இரவுகள் தங்குகிறீர்கள்.

அந்த இரண்டாவது இரவை "வீண்" என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். எல்லோரும் முதலில் கை வைப்பது அதில்தான், நானும் அதில்தான் கை வைத்தேன். நாள் போதவில்லை என்றால் ஏதாவது ஓர் இடத்தை விட்டுவிடுங்கள். ஹன்லே கிராமத்தையும் உம்லிங் லா கணவாயையும் எட்டு நாள் பயணத்தில் திணிக்கவே வேண்டாம். உம்லிங் லா கிட்டத்தட்ட 5,800 மீட்டர். அதற்கென்று தனியாக நாள் ஒதுக்கி இன்னொரு முறை போகலாம்.

2. டிக்கெட் எடுக்கும்போதே கவனிக்கவேண்டியவை

லே விமான நிலையம் 3,256 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் மலைகளுக்கு நடுவே இருக்கிறது. மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று பலமாகும். அந்த உயரத்தில் காற்று ஏற்கெனவே அடர்த்தி குறைவு, வெயில் ஏற ஏற இன்னும் குறையும், விமானம் தூக்கக்கூடிய எடையும் குறையும். அதனால்தான் பெரும்பாலான ஃபிளைட்டுகள் காலையிலேயே முடிந்துவிடுகின்றன. 2024 ஜூலை கடைசியில் மேகமோ மழையோ இல்லாமல், வெறும் வெப்பத்தால் மட்டுமே லே ஃபிளைட்டுகள் ரத்தாயின.

காலையில் ரத்தானால் மாலையில் வேறு ஃபிளைட் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். அடுத்த நாள் ஃபிளைட்டுகளும் சீசனில் ஏற்கெனவே நிரம்பித்தான் இருக்கும். எங்களுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் இடம் கிடைத்தது. ஆகவே:

முடிந்தவரை காலையின் முதல் ஃபிளைட்டை எடுங்கள்.

லே முதல் சென்னை, மதுரை, கோவை என்று எங்கே போனாலும் ஒரே பிஎன்ஆரில் எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் சில ஆயிரம் மிச்சமாவது உண்மைதான். ஆனால் முதல் ஃபிளைட் ரத்தாகி இரண்டாவதைத் தவறவிட்டால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. ஒரே பிஎன்ஆர் என்றால் முழுப் பயணத்தையும் மாற்றித்தர வேண்டியது அவர்கள் வேலை.

தனித்தனியாகத்தான் எடுக்கவேண்டும் என்றால் இரண்டாவது ஃபிளைட் மறுநாளாக இருக்கட்டும். டெல்லியில் பெட்டியை வெளியே எடுத்து, மறுபடி செக்-இன் செய்யவேண்டும். டெர்மினல் மாறவேண்டி வரலாம், டெர்மினல் 1-க்கும் 3-க்கும் நடுவே சாலை வழியாகத்தான் போகவேண்டும். மூன்று மணி நேர இடைவெளி போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

3. ஃபோன் நம்பர்: பலரும் மறக்கும் பொறி

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு மட்டும்தான். இது பலருக்கும் தெரியும். ஆனால் இதனால் கடைசி நாளில் என்ன ஆகும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. ஃபிளைட் ரத்து என்ற எஸ்எம்எஸ் டிக்கெட்டில் கொடுத்த நம்பருக்குத்தான் வரும். அது ப்ரீபெய்டு என்றால் அந்தச் செய்தி உங்களுக்கு வரவே வராது. புது டிக்கெட் எடுக்கப் போனால் வங்கியின் ஓடிபியும் அதே நம்பருக்கு. ரயிலில் தட்கல் எடுக்கலாம் என்றால் அதற்கும் ஆதார் ஓடிபி. அறையில் வைஃபை இருந்தும் பணம் கட்ட முடியாமல் உட்கார்ந்திருந்த ஒரு தம்பதியை நான் பார்த்தேன்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே, வங்கிக் கணக்கோடும் ஆதாரோடும் இணைந்த நம்பரையாவது போஸ்ட்பெய்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். டிக்கெட்டில் அந்த நம்பரைக் கொடுங்கள். வீட்டிலிருக்கும் ஒருவரிடம் பிஎன்ஆரைச் சொல்லிவைத்து, முந்தின நாள் இரவும் அன்று அதிகாலையும் நிலவரம் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். நுப்ராவிலும் பாங்காங்கிலும் போஸ்ட்பெய்டுக்கே பல இடங்களில் சிக்னல் இருக்காது.

4. ஏரியை எங்கே வைப்பது

லே நகரம் சுமார் 3,500 மீட்டர். நுப்ராவில் ஹுண்டர் கிராமம் அதைவிடத் தாழ்வு, 3,100 சொச்சம். பாங்காங் கரை 4,200 மீட்டருக்கும் மேல். 3,000 மீட்டருக்கு மேலே போய்விட்டால் இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. அந்தக் கணக்கில் ஹுண்டரிலிருந்து நேரே பாங்காங் கரையில் போய்ப் படுப்பதே அதிகம். அதனால் ஏரி, பயணத்தின் பின்பாதியில், லேயிலும் நுப்ராவிலுமாகக் குறைந்தது நான்கைந்து இரவு தூங்கி உடம்பு பழகிய பிறகே வரவேண்டும். ஆனால் கடைசி இரவாக வரக்கூடாது. இந்த இரண்டும் ஒத்துப்போகும் இடம் ஒன்றே ஒன்றுதான்: ஃபிளைட்டுக்கு மூன்று இரவு முன்னால்.

குழந்தைகளோ வயதானவர்களோ கூட வந்தால் ஏரியைப் பகலில் பார்த்துவிட்டு, சற்றே தாழ்வான டாங்ட்சே கிராமத்தில் வந்து தங்கலாம். ஏரிக்கரைக் கூடாரத்தின் விடியல் காட்சி போய்விடும் என்று வருத்தமாகத்தான் இருக்கும். என் மகள் அந்தக் கூடாரத்தில் இரவு முழுக்கத் தலைவலியோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த எனக்கு அந்த வருத்தம் இப்போது இல்லை.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே கீழே இறங்கவேண்டும். லேயில் எஸ்என்எம் மருத்துவமனை இருக்கிறது, சுற்றுலாப் பயணிகளை இந்தத் தொல்லைக்குப் பார்த்துப் பார்த்துப் பழகிய இடம் அது.

5. பாங்காங்கிலிருந்து இறங்கும் நாள்

லேக்குச் சுமார் 160 கிலோமீட்டர். சாங் லா கணவாய் வழி, 5,300 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கவேண்டும். எல்லாம் நன்றாக இருந்தால் ஐந்து ஆறு மணி நேரம்.

பனியும் பனிப்பாறையும் உருகும் தண்ணீர் காலையில் குறைவாகவும், வெயில் ஏறி மதியத்துக்கு மேல் அதிகமாகவும் ஓடைகளில் வரும். டாங்ட்சேக்கும் ஏரிக்கரையில் இருக்கும் லுகுங்குக்கும் நடுவில் ஓர் ஓடைக்குப் பெயரே "பாகல் நாலா", அதாவது பைத்தியக்கார ஓடை. நாங்கள் கிளம்பிய நேரம்தான் தப்பு. காலை ஏழு மணிக்கே வண்டியில் ஏறிவிடுங்கள். முந்தின இரவே டிரைவரிடம் நேரத்தைச் சொல்லி, காலைச் சாப்பாட்டைக் கட்டித்தரச் சொல்லுங்கள். ஏரியோடு இருக்க ஆசைப்பட்டால் வந்து சேரும் நாளன்று மாலையே ஆசை தீர உட்கார்ந்துவிடுங்கள்.

நுப்ராவிலிருந்து ஷயோக் நதியை ஒட்டி நேராகப் பாங்காங் வரும் பாதைக்கும் இதே விதி. கோடை மழையில் அது அடைபட்டால் லே வந்து சுற்றித்தான் போகவேண்டும், ஒரு நாள் போய்விடும். அப்படி ஆனால் ஏரியை விட்டுவிடுங்கள், லேயில் தங்கும் அந்த நாளைத் தொடாதீர்கள்.

6. காகிதம், கட்டணம், ரொக்கம்

இந்தியர்களுக்கு 2021 ஆகஸ்டிலிருந்து இன்னர் லைன் பர்மிட் (எல்லையோரப் பகுதிகளுக்குப் போவதற்கான அனுமதிச் சீட்டு) தேவையில்லை என்று அறிவித்துவிட்டார்கள். அதைப் படித்துவிட்டு ஒன்றுமே வேண்டாம் என்று சிலர் போய்விடுகிறார்கள். சுற்றுச்சூழல் கட்டணம் கட்டவேண்டும். நாங்கள் போனபோது ஒருவருக்கு 400 ரூபாய், அதோடு நாள் ஒன்றுக்கு 20 ரூபாய், செஞ்சிலுவைச் சங்கத்துக்கு 100 ரூபாய். லே மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் கட்டலாம். தொகை மாறியிருக்கலாம், கட்டும் நாளில் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் நான் சொல்ல விரும்புவது தேதி. திட்டமிட்ட நாட்களோடு இரண்டு நாள் கூடுதலாகவே போட்டுக் கட்டுங்கள். சாலை அடைத்து ஒரு நாள் தள்ளிப்போனால் செக்போஸ்ட்டில் தேதி முடிந்த கட்டண ரசீதை நீட்டிக்கொண்டு நிற்கவேண்டாம். நாங்கள் கட்டிய கணக்கில் கூடுதல் செலவு ஒருவருக்கு 40 ரூபாய்தான். போக வாய்ப்புள்ள எல்லா இடங்களையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். ரசீதை ஆறு பிரதி எடுத்து டிரைவரிடம் கொடுங்கள், வழியில் பல இடங்களில் ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்வார்கள். ஆதார் ஒரிஜினல் கையில் இருக்கட்டும்.

டாக்ஸிக் கட்டணத்தை அங்குள்ள டாக்ஸி சங்கம் நிர்ணயிக்கிறது, அச்சடித்த பட்டியல் உண்டு. முன்பதிவு செய்யும்போதே பட்டியலை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கடைசி நாளில் தகராறு வருவது எப்போதும் மூன்று விஷயங்களில்: விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுவது சேர்ந்ததா இல்லையா, பாதை மாறினால் எவ்வளவு, காத்திருந்தால் எவ்வளவு. மூன்றையும் எழுத்தில், வாட்ஸ்அப் செய்தியாகவாவது வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். மணாலியிலிருந்தோ டெல்லியிலிருந்தோ வாடகைக் கார் எடுத்துவந்து லேயில் சுற்றிப்பார்க்கலாம் என்று எண்ணாதீர்கள், உள்ளூர் ஆட்கள் நிறுத்திவிடுவார்கள்.

ரொக்கத்தை லே நகரிலேயே எடுத்துவிடுங்கள். ஏரிக்கரையில் ஏடிஎம் கிடையாது. கடைசி மூன்று நாட்களுக்குத் தேவையானதோடு கூடுதலாக இரண்டு இரவுச் செலவையும் ஒரு உறையில் போட்டுத் தனியாக வைத்திருங்கள். அந்த உறையைத் திறக்காமல் வீடு வந்தால் நல்லது.

7. லேயில் கிடைக்கும் அந்த முழு நாள்

எட்டு மணி வரை தூங்கலாம். மகளைக் கூட்டிக்கொண்டு அலைந்த பிறகு எனக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிகிறது.

பிறகு பக்கத்து இடங்கள் போதும். திக்ஸே மடாலயம் 19 கிலோமீட்டர், வழியில் ஷே அரண்மனை. இரண்டும் அரை நாளில் முடியும். மாலையில் சாந்தி ஸ்தூபி, ஊர் முழுக்கக் கீழே தெரியும். நிம்முவில் சிந்துவும் ஜன்ஸ்காரும் கூடும் இடம் 35 கிலோமீட்டர்தான். ஒன்று பழுப்பும் ஒன்று பச்சையுமாகக் கொஞ்ச தூரம் ஒட்டிக்கொள்ளாமலே ஓடும். ஆனால் அதற்கும் மேலே லாமாயூருவரை போய்வரலாம் என்று டிரைவர் ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். அது 120 கிலோமீட்டருக்கு மேல், இந்த நாளின் நோக்கமே கெட்டுவிடும்.

வாங்கவேண்டியதை இந்த நாளுக்கே தள்ளிவையுங்கள். மெயின் பஜாரின் நடைபாதை ஓரத்தில் வயதான பெண்கள் சாக்கை விரித்து அவர்கள் தோட்டத்துக் காய்களையும் உலர்ந்த பாதாமி (ஆப்ரிகாட்) பழத்தையும் விற்பார்கள். கந்தகம் போட்டு உலர்த்தியது பளிச்சென்று ஆரஞ்சாக இருக்கும், வெயிலில் உலர்ந்தது மங்கிப்போய்ப் பழுப்பாக இருக்கும். இரண்டாவதை வாங்குங்கள். பஷ்மினா (மெல்லிய ஆட்டு ரோமச் சால்வை) என்று 1,000 ரூபாய்க்குக் கொடுத்தால் அது பஷ்மினா இல்லை.

மாலை ஏழு மணிக்குள் அறைக்கணக்கு, டாக்ஸிக்கணக்கு இரண்டையும் முடித்துவிடுங்கள். விடிகாலையில் இருட்டில் நின்றுகொண்டு பில் சரிபார்க்க முடியாது. கிளம்பும் முன்பே தங்குமிடத்தில் ஒரு கேள்வி கேட்டுவையுங்கள்: "நாளை ஃபிளைட் போகாவிட்டால் இதே அறை கிடைக்குமா, என்ன விலை?" அதைக் கேட்காமல் போனதால் மறுநாள் வேறு இடம் தேடி மூன்று பெட்டியோடு ஏறி இறங்கினோம்.

8. விமான நிலையத்தில் அந்தக் காலை

நிலையம் சிறியது, ஃபிளைட்டுகள் எல்லாம் காலையிலேயே, பாதுகாப்புச் சோதனை கடுமையானது. இரண்டரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். பவர்பேங்க் கைப்பையில் மட்டுமே வைக்கவேண்டும், பெட்டியில் போட்டால் பெட்டியைத் திறக்கச் சொல்லி நேரம் போகும். கத்தரி, பேனாக்கத்தி பெட்டிக்குள். கைப்பையை முடிந்தவரை சின்னதாக, ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். விமானப்படையும் பயன்படுத்தும் ஓடுதளம் அது, படம் எடுக்கக்கூடாது. பெட்டியின் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். மருந்துகள், சார்ஜர், ஒரு மாற்றுத்துணி கைப்பையில் இருந்தால் ரத்தானாலும் சமாளிக்கலாம்.

9. ரத்தாகிவிட்டால், இந்த வரிசையில்

முதலில் கவுன்டருக்கு ஒருவர், ஆப்பில் ஒருவர். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யுங்கள். வரிசையில் ஆறாவதாக நின்ற எங்கள் முறை வருவதற்குள் மறுநாள் ஃபிளைட்டின் இடங்கள் ஆப்பில் தீர்ந்துவிட்டன.

விமான நிறுவனம் ரத்து செய்தால் முழுப் பணம் அல்லது வேறு ஃபிளைட், இரண்டில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். வானிலையால் ரத்து என்றால் நஷ்டஈடு கிடையாது. வேறு ஃபிளைட் கையில் உறுதியாகும் வரை "பணம் திரும்ப" என்ற பட்டனைத் தொடாதீர்கள். தொட்டுவிட்டால் அன்றைய விலையில் நீங்களே புதிதாக வாங்கவேண்டும், அது பல மடங்கு இருக்கும். ரத்து பற்றிய எஸ்எம்எஸ்ஸை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், பயணக் காப்பீடு இருந்தால் அதைத்தான் கேட்பார்கள்.

மூன்று நாளுக்கு மேல் தள்ளிப்போகிறது என்றால் சாலை. ஸ்ரீநகர் சுமார் 420 கிலோமீட்டர், கார்கிலில் ஓர் இரவு. சோஜி லா கணவாயில் போகவும் வரவும் நேரம் பிரித்து விடுவார்கள், அன்றைய நேரத்தைப் போலீஸிடம் கேட்டுவிட்டே கார்கிலிலிருந்து கிளம்புங்கள். மணாலி வழியும் ஏறத்தாழ அதே தூரம்தான், ஆனால் 5,300 மீட்டர் தாங்லாங் லா உட்பட நான்கு உயரமான கணவாய்கள், இரண்டு நாள். மணாலியிலிருந்து ஏறிவருபவர்களுக்கு, வழியில் உயரத்தில் தங்கும் சார்ச்சூ இரவு பெரும் அவதி. லேயில் ஒரு வாரம் இருந்துவிட்டு இறங்கும் உடம்புக்கு அவ்வளவு தெரியாது. இரண்டு வழியிலும் ஒருவழி டாக்ஸி என்றாலும், வண்டி காலியாகத் திரும்பும் செலவையும் சேர்த்தே கேட்பார்கள். தனியாக வந்த இருவரைச் சேர்த்துக்கொண்டால் செலவு குறையும், விமான நிலைய வாசலிலேயே அப்படி ஆட்கள் கிடைப்பார்கள்.

டெல்லி வந்தபிறகு ஃபிளைட் விலை எட்டாவிட்டால் ரயில். தட்கல் முந்தின நாள் ஏசி வகுப்புக்குக் காலை 10 மணிக்கு, மற்றவற்றுக்கு 11 மணிக்குத் திறக்கும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரவு டெல்லியில் ஏறினால் மூன்றாம் நாள் காலை சென்னை. உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது, எனவே டெல்லியில் கால் வைத்த பிறகு எடுங்கள்.

என் அண்ணன் குடும்பத்துக்கு இதில் எதுவும் தேவைப்படவில்லை. அவர்கள் ஃபிளைட்டும் நாற்பது நிமிடம் தாமதமானது. அண்ணி கவலைப்படாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து பாதாமி பழம் தின்றுகொண்டிருந்ததைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினாள் அண்ணன் மகள்.